ஊருக்குப் போனால் மாமரத்தடியில் நில்லுங்கள்: கொங்கு நாட்டில் லைக்கன் பார்க்க

மரப்பட்டையில் திட்டுத் திட்டாகப் படரும் லைக்கன் என்ற உயிரைப் பார்க்க ஆசைப்பட்டு வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள், விமானம் விட்டு இறங்கியதும் ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்ஸ்லிப்புக்குத்தான் வண்டி பேசுகிறார்கள். முதல் நாளே அவ்வளவு தூரம் வேண்டாம். தோட்டத்து வீட்டு வாசலில் நிற்கும் மாமரமே ஒரு காலைப் பொழுதுக்குத் தாங்கும்.

வருவதானால் டிசம்பர், ஜனவரி நல்லது. வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும். மார்கழிப் பனியில் விடியற்காலைப் பட்டை ஈரமாக இருக்கும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டில் வந்தால் ஆடிக்காற்றில் சமவெளி மரங்கள் காய்ந்து கிடக்கும். மலைமேல் இருக்கும் வால்பாறையிலோ மழை கொட்டும், கூடவே அட்டைக்கடி.

எல்லா மரத்திலும் தேடிக் கால் வலிக்க வேண்டாம். கொய்யாவும் தைலமரமும் பட்டையை உரித்துக்கொண்டே இருப்பதால் அவற்றில் லைக்கன் நிலைப்பது கஷ்டம். மா, தென்னை, பாக்கு, மலைக்குப் போனால் தேயிலைக்கு நிழல் தரும் சில்வர் ஓக், இவைதான் நமக்கு. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச், இவ்வளவு இருந்தால் போதும்.

லைக்கன் என்பது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து குடித்தனம் நடத்தும் உயிர். சந்தேகமாக இருந்தால் அதன்மேல் தண்ணீர் தெளியுங்கள். சாம்பல் நிறமாக இருந்தது கொஞ்ச நேரத்தில் பச்சையடிக்கும். நனைந்த மேல்தோல் வழியே உள்ளிருக்கும் பாசி தெரிவதுதான் காரணம். குட்டிக் குட்டி இலைகளோடு மெத்தென்று இருந்தால் அது லைக்கன் இல்லை, மாஸ் (moss) என்ற சிறு செடி. மரத்தில் காவி நிறத்தில் வெல்வெட் போலப் படர்ந்திருப்பது பெரும்பாலும் டிரென்டிபோலியா என்ற பாசி. பெயர்தான் பச்சைப்பாசி இனம், நிறம் என்னவோ ஆரஞ்சு! பலரும் ஏமாறுவது இதில்தான்.

பாக்கு மரத்தின் வழவழப்பான தண்டில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். சுண்ணாம்பு பூசியது என்று நினைத்துத் தாண்டிப் போய்விடாதீர்கள். லென்ஸ் வைத்துப் பாருங்கள்: கறுப்புக் கோடுகள், யாரோ அவசரத்தில் கிறுக்கிய கையெழுத்து மாதிரி இருந்தால் அது கிராஃபிஸ் குடும்பத்தைச் சேர்ந்த லைக்கன். அந்தக் கோடுகள்தான் பூஞ்சையின் வித்துப் பைகள் இருக்கும் இடம்.

மாமரத்துக்கு வருவோம். அடிமரத்தில் வெளிர்சாம்பல் வட்டங்கள், ஓரம் மடல் மடலாகப் பிரிந்து, பட்டையோடு ஒட்டிக் கிடக்கும். நம் ஊர்ப் பக்கம் இது பெரும்பாலும் பிக்ஸினே அல்லது டிரினாரியா என்ற லைக்கன். இரண்டுமே ஓரளவு வண்டிப் புகையைத் தாங்கும் என்பதால் சாலையோர மரங்களிலும் கிடைக்கும். பகலில் இரண்டையும் பிரித்தறிவது தலைவலி. இருட்டியதும் டார்ச் அடியுங்கள். பிக்ஸினே கோகோஸ் என்ற இனம் பளீரென்று மஞ்சளாக ஒளிரும்; அதன் மேல்தோலில் உள்ள லைக்கசாந்தோன் என்ற பொருளின் வேலை அது. டிரினாரியாவின் மேற்பரப்பு பேசாமல் கிடக்கும். கூட வந்த குழந்தைகள் அப்புறம் அந்த டார்ச்சைத் திருப்பித் தர மாட்டார்கள்.

இதையெல்லாம் பார்த்து, "ஏனுங்க மாப்பிள்ளை, மரத்துக்குச் சொறி புடிச்சிருக்குதுங்களா?" என்று மாமா கேட்பார். கத்தியை எடுத்துச் சுரண்டுவதற்குள் சொல்லிவிடுங்கள்: லைக்கன் மரத்தின் சாற்றை உறிஞ்சுவதில்லை, ஒட்டிக்கொள்ள இடம் மட்டும்தான் எடுத்துக்கொள்கிறது. நலிந்த கிளையில் அதிகம் தெரிவது இலை உதிர்ந்து வெளிச்சம் விழுவதால்தான்.

சமவெளியில் கண் பழகியபின் மலை ஏறுங்கள். கோவை 400 மீட்டர் உயரம். ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை போனால் 1,000 மீட்டரைத் தாண்டும். ஏற்காடு இன்னும் உயரம். அங்கே தாள் போல விரிந்து ஓரம் தூக்கி நிற்கும் பார்மோட்ரீமா என்ற லைக்கனைப் பார்க்கலாம். மளிகைக் கடைக் கல்பாசியில் இதன் இனங்கள்தான் அதிகம்: மேலே சாம்பல், அடியில் கறுப்பு. கடையில் கொஞ்சம் வாங்கி ஊறவைத்து லென்ஸில் பார்த்துவிட்டுப் போனால் காட்டில் கண்டுபிடிப்பது சுலபம். தாடி போலத் தொங்குவது அஸ்னியா என்ற லைக்கனா என்று தெரிய, கீழே விழுந்து கிடக்கும் ஒரு இழையை மெதுவாக இழுங்கள்; உள்ளே ரப்பர் போல நீளும் வெள்ளை நரம்பு இருந்தால் அதுதான். இனம் வரை பெயர் சொல்ல வேதிச் சோதனையும் வித்துகளும் வேண்டும். நமக்குப் பிக்ஸினே, அஸ்னியா என்ற பேரினப் (genus) பெயர் போதும்.

மரத்திலிருந்து எதையும் பெயர்த்து எடுத்துவராதீர்கள். ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் அது குற்றம். வெளியிலும், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களும் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்களும் ஆராய்ச்சிக்காக உயிர்வளம் எடுக்க, 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். படம் எடுங்கள், எந்த மரம், என்ன உயரம், வெயிலா நிழலா என்று குறித்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு வாங்கிய கல்பாசிப் பொட்டலத்தைக்கூட ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போகிறவர்கள் சுங்கப் படிவத்தில் மறக்காமல் எழுதிவிடுங்கள்.