கார்த்திகை விளக்கை மொபைலில் படம் பிடிப்பது எப்படி?

வாசலில் அகல் வரிசை ஜம்மென்று எரிகிறது. மொபைலில் எடுத்துப் பார்த்தால், சுடர் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் திட்டு, கோலமோ ஒரே கலங்கல். கேமரா இருட்டைக் கண்டதும் மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கப் பார்க்கிறது. அதைத் தடுத்தாலே பாதி வேலை முடிந்தது.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். சிரிக்க வேண்டாம். திரி போட்ட விரலின் எண்ணெய் அதில் பட்டிருந்தால், ஒவ்வொரு சுடரிலிருந்தும் ஒரு கோடு இழுத்துக்கொண்டு நிற்கும். ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள்.

முழு இருட்டுக்குக் காத்திருக்காதீர்கள். சூரியன் மறைந்து 15, 20 நிமிடத்தில் வானம் கருநீலமாகும். விளக்கின் மஞ்சள் எடுப்பாகத் தெரிவது அப்போதுதான்.

இனிதான் முக்கியமான வேலை. திரையில் அகலின் விளிம்பு தெரியும் இடத்தில் விரலை அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸ் அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலான மொபைல்களில் பக்கத்தில் ஒரு குட்டிச் சூரியன் வரும். சுடரின் கூர்முனை தெளிவாகத் தெரியும்வரை அதைக் கீழே இழுங்கள். சுற்றிலும் இருட்டிவிட்டதே என்று பயப்பட வேண்டாம். நிழலைப் பிறகு எடிட்டிங்கில் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம், வெளுத்துப்போன சுடரை மீட்கவே முடியாது.

ப்ரோ மோட் (அளவுகளை நாமே வைக்கும் வசதி) இருந்தால் ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) 400, ஷட்டர் (ஒளியை உள்ளே விடும் நேரம்) 1/30 நொடி, வொயிட் பேலன்ஸ் (படத்தின் நிறச் சாயல்) 3200 கெல்வின் என்று தொடங்கிப் பாருங்கள். சரி, கை ஆடுமே? மொபைலை ஒரு செம்பில் சாய்த்து வைத்து டைமர் போடுங்கள். பட்டனை அழுத்தும் அசைவுகூடப் படத்தைக் கெடுக்கும்.

விளக்கேற்றுபவரின் முகமும் வேண்டுமென்றால் அவரைக் குனியச் சொல்லுங்கள் (முந்தானை பத்திரம்). ஒரு அடியில் இருக்கும் முகம் இரண்டு அடிக்குத் தள்ளிப் போனால் அதில் விழும் வெளிச்சம் கால்வாசியாகிவிடும்.

காற்றில் சுடர் ஆடினால் நைட் மோட் வேண்டாம். அது பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்க்கும். போன வருடம் நான் அப்படி எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "ஒரு அகலுக்கு எதுக்குடா ரெண்டு திரி?"