புத்தகத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டும் முறை

இரவல் போன புத்தகம் திரும்பி வராவிட்டால், பாதி நேரம் வாங்கியவர் மேல் தப்பில்லை. யாரிடம் வாங்கினோம் என்பதே அவருக்கு மறந்திருக்கும். அதனால்தான் ஒவ்வொரு புத்தகத்திலும் என் பெயரைப் போடுகிறேன்.

முதலில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தேன். தலைப்புப் பக்கத்தில் ஊதா மையில் ஓங்கிக் குத்துவேன். சில வருஷம் கழித்துத் திறந்தால், என் பெயர் பின்பக்கம் வரை ஊறி, எதிர்ப்பக்கத்திலும் தலைகீழாகப் படிந்திருந்தது. மனசு கேட்கவில்லை. கடைகளில் விற்கும் ஸ்டிக்கரும் வேண்டாம். அதன் பசை நாளாக நாளாகப் பழுப்பாகும், ஓரத்தில் கசிந்து பக்கத்துத் தாளைப் பிடித்துக்கொள்ளும்.

சரி, எது நல்லது? தனித் தாளில் அச்சிட்டு, தண்ணீரில் கரையும் பசையால் ஒட்டும் பெயர்ச்சீட்டு. புக்பிளேட் என்பார்கள். அதில் வழக்கமாகக் காணப்படும் ‘எக்ஸ் லிப்ரிஸ்’ லத்தீன் சொல்; ‘இன்னாருடைய புத்தகங்களிலிருந்து’ என்று பொருள். 15ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் இவற்றை அச்சிட்டு ஒட்டினார்கள். ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தன் நண்பர் பிர்க்ஹைமருக்குச் செய்துகொடுத்த சீட்டில் ‘தனக்கும் நண்பர்களுக்கும்’ என்று லத்தீனில் இருக்கும். என்னுடையது என்று சொல்கிற சீட்டிலேயே, எடுத்துப் படியுங்கள் என்றும் சொல்லிவிட்டார். எனக்கு இதைவிடப் பிடித்த வாசகம் கிடையாது.

அளவு 7 செ.மீ. அகலம், 10 செ.மீ. உயரம் போதும். படம் உங்கள் விருப்பம். என்னுடையதில் ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதன் கீழே பெயர், அதற்கும் கீழே மூன்று விரல் அகலத்துக்கு வெற்றிடம். லினோ என்ற மிருதுவான தகட்டில் செதுக்கி அச்செடுப்பதாக இருந்தால், எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிச் செதுக்க வேண்டும். வீட்டுப் பிரிண்டர் என்றால் லேசர் நல்லது. இங்க்ஜெட் மை பல சமயம் பசை ஈரத்தில் கலங்கிவிடும். தாள் அமிலமில்லாததாக, மெல்லியதாக இருக்கட்டும்.

பலரும் கோட்டைவிடும் இடம் தாளின் நார் ஓட்டம். மூங்கிலைப் போலத் தாளுக்கும் நார் ஒரு திசையில் ஓடும். ஈரம் பட்டால் நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும். சின்னத் துண்டு வெட்டி ஒரு பக்கம் மட்டும் தண்ணீர் தடவுங்கள், குழலாகச் சுருளும். அந்தக் குழல் நீளவாட்டில் எப்படிக் கிடக்கிறதோ, அதுதான் நாரின் திசை. ஒட்டும்போது அது புத்தக முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். இதைப் பார்க்காமல் ஒட்டினால் சீட்டு அலை அலையாகச் சுருங்கும், சில சமயம் அட்டையே வளையும்.

பசைக்கு நான் மெத்தில் செல்லுலோஸ் என்ற, தாவர நாரிலிருந்து செய்யும் தூளைத் தண்ணீரில் கரைத்துக்கொள்கிறேன். மாவுப் பசையும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து.

இடம், முன்னட்டையின் உட்புறம். சீட்டின் பின்புறத்தில் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி மெல்லிசாகத் தடவி, ஒரு நிமிஷம் விடுங்கள். தாள் ஊறி விரிந்து அடங்கும். அப்புறம் வைத்து, மேலே வெள்ளைத்தாள் போட்டு, கரண்டியின் முதுகால் மெதுவாகத் தேயுங்கள். மெழுகுத்தாள் ஒன்றைச் செருகி, புத்தகத்தை மூடி, மேலே கனம் ஏற்றி இரவு முழுக்க விடுங்கள்.

பழைய, அரிய புத்தகமென்றால் எதையும் ஒட்டாதீர்கள். மென்மையான பென்சிலால் உள் ஓரத்தில் சின்னதாகப் பெயர் எழுதினால் போதும். முந்தைய சொந்தக்காரரின் கையெழுத்தோ சீட்டோ இருந்தால் அதன் மேல் ஒட்டவே கூடாது. என்னிடம் உள்ள ஒரு அகராதியில் மூன்று தலைமுறைக் கையெழுத்துகள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. என் சீட்டில் வெற்றிடம் விட்டது அதைப் பார்த்த பிறகுதான். புத்தகத்தை ஒருவருக்கே கொடுத்துவிடும்போது, அங்கே அவர் பெயரையும் தேதியையும் பென்சிலால் எழுதிக் கொடுக்கிறேன்.