சைட்டோகைன்கள்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

தன்னுடல் தாக்கு நோய்களைப் பற்றிப் படிக்கப் போனால் சைட்டோகைன் என்ற பெயர் உடனே எதிர்ப்படும். நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளச் சுரக்கும் சிறு புரதங்கள் இவை. டிஎன்எஃப், இன்டர்லூக்கின்-6, இன்டர்ஃபெரான் எல்லாம் இந்த வகைதான்.

பலரும் செய்யும் தவறு, இவற்றைக் கெட்ட புரதங்கள் என்று முத்திரை குத்துவது. முடக்குவாதத்தில் மூட்டுச் சவ்வை வீங்கவைப்பதில் டிஎன்எஃப்புக்குப் பெரிய பங்கு உண்டு, சரி. ஆனால் நுரையீரலில் காசநோய்க் கிருமியை வளைத்துப் பிடித்திருக்கும் செல்திரளைக் கலையாமல் காப்பதும் அதேதான். டிஎன்எஃப்பைத் தடுக்கும் இன்ஃபிளிக்ஸிமாப் ஊசி 1998இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உறங்கிக் கிடந்த காசநோய் சிலருக்கு விழித்துக்கொண்டதை 2001இல் வெளியான ஆய்வறிக்கை காட்டியது. இந்த ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கேட்பது அதனால்தான். சம்பிரதாயம் என்று நினைத்துத் தட்டிக்கழிக்கக் கூடாது.

அப்புறம், ஒரு நோயில் பலித்ததை இன்னொன்றுக்கு அப்படியே பொருத்துவது. இதில் ஆராய்ச்சியாளர்களே சறுக்கியிருக்கிறார்கள். இன்டர்லூக்கின்-17ஐத் தடுக்கும் செகுகினுமாப் என்ற மருந்து சொரியாசிஸ் என்ற தோல் நோயில் அருமையாக வேலை செய்கிறது. குடலைத் தாக்கும் கிரோன் நோயில் கொடுத்துப் பார்த்தபோது பலன் இல்லை, சிலருக்கு நோய் முற்றவும் செய்தது. குடலின் உட்படலத்தைப் பாதுகாக்க அந்தப் புரதம் தேவைப்படுகிறது. விசித்திரம் என்னவென்றால், அதற்கு ஒரு படி மேலே இருந்து அதைச் சுரக்கத் தூண்டும் இன்டர்லூக்கின்-23ஐத் தடுத்தால் இரண்டு நோய்களுமே தணிகின்றன.

சைட்டோகைனின் குடும்பப் பெயரை வைத்து முடிவுகட்டுவதும் வேண்டாம். மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோய்க்கு இன்டர்ஃபெரான் பீட்டா 1993 முதல் மருந்து. இன்டர்ஃபெரான் காமாவோ சோதனையில் அதே நோயைக் கிளப்பிவிட்டது.

கவனிக்காமல் விடப்படும் தவறு ஒன்று உண்டு: உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறும் சிஆர்பி என்ற புரதத்தின் அளவை மட்டும் நம்புவது. கல்லீரல் சிஆர்பியைச் சுரப்பது பெரும்பாலும் இன்டர்லூக்கின்-6 இடும் கட்டளையால். முடக்குவாதத்துக்குத் தரப்படும் டோசிலிசுமாப் ஊசி, அந்தக் கட்டளை கல்லீரலுக்குப் போய்ச்சேராமல் தடுத்துவிடும். அதைப் போட்டுக்கொண்டிருப்பவருக்கு நிமோனியாவே வந்தாலும் சிஆர்பி குறைவாக இருக்கலாம், காய்ச்சலும் பெரிதாகத் தெரியாமல் போகலாம். ஆகவே புதிதாக இருமல், மூச்சிரைப்பு, வயிற்றுவலி வந்தால், ரத்த அறிக்கை சுத்தமாக இருந்தாலும், எந்த ஊசி போடுகிறோம் என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.