மேய்ச்சல் காட்டில் செடியும் பூச்சியும் சேகரிக்கப் போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்து உடைமரப் பொட்டலுக்கும் சாத்தான்குளத்துத் தேரிக்கும் (செம்மணல் மேடு) கள ஆய்வுக்கு வரும் மாணவர்கள் பலர், கல்லூரிக் கால அட்டவணையைப் பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். பாதிக் கோளாறு அங்கேயே தொடங்கிவிடுகிறது. இந்த நிலத்தில் என்ன கிடைக்கும் என்பதை மழையும் காற்றும் ஆடும்தான் முடிவு செய்கின்றன.

முதல் தவறு, ஜூன் மாதம் வந்து இறங்குவது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியாயிற்று, குற்றாலத்தில் சாரல், சரி, கிளம்பலாம் என்று வருகிறார்கள். மலைக்கு இந்தப் பக்கம் அப்போது வருவது பெரும்பாலும் காற்றுதான். பணகுடிப் பக்கம் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. பொட்டலுக்கு மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்குப் பருவத்தில். ஐப்பசியில் ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாளில் தரை பச்சை கட்டும். கார்த்திகை, மார்கழியில் புல் கதிர் விட்டிருக்கும். கதிர் இல்லாத புல்லை இனம் பிரிப்பது நிபுணருக்கே பெரும்பாடு. அதனால் தேதியைக் குறித்துக்கொண்டு வராமல், மழை பெய்ததைக் கேட்டுக்கொண்டு வாருங்கள். சித்திரையில் ஒரே ஒருமுறை வந்துவிட்டு 'இனங்கள் குறைவு' என்று அறிக்கை எழுதுவது இதைவிட மோசம். விதையாகவும் கிழங்காகவும் மண்ணுக்குள் கிடப்பவை உங்கள் பட்டியலில் ஏறாது.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், பூச்சியை நிறத்தால் இழுத்துப் பிடிக்கும் மஞ்சள் தட்டுப் பொறி எம்மாத்திரம்? காற்று மாதங்களில்தான் வேலை என்றால் தட்டுகளுக்குக் கல் வைத்து, வீச்சு வலையைக் காற்று எழும் முன் காலையிலேயே முடித்துவிட வேண்டும். அதற்காகப் பனி ஈரம் காயும் முன்னும் வீசக் கூடாது. நனைந்த வலையில் சின்னப் பூச்சிகள் ஒட்டி நசுங்கிவிடும். ஓர் இடத்தில் எத்தனை வீச்சோ எல்லா இடத்திலும் அத்தனை வீச்சு. உடைமுள்ளில் சிக்கிக் கிழிந்த வலையோடு மீதி நாளை ஓட்டுகிறவர்களும் உண்டு. ஊசி நூல் கொண்டுபோனால் என்ன?

செடிகளை எண்ணுவதற்கான ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைத் தோளுக்குப் பின்னால் வீசிவிட்டு, அதற்குச் 'சமவாய்ப்பு' என்று பெயர் வைப்பது இன்னொரு பழக்கம். வீசுகிற கை எப்போதும் முள் இல்லாத பக்கமாகவே போகும். எத்தனை தப்படி எந்தத் திசையில் என்பதை முதல் நாளே சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து எடுத்து எழுதிக்கொள்ளுங்கள். மர நிழலையும் வெட்டவெளியையும் தனித்தனியாகக் கணக்கெடுங்கள். உடைமர நிழலில் ஆடுகள் படுத்து எழுவதால் அங்கே புழுக்கையும் உரமும் அதிகம், செடியும் வேறு.

தரையில் ஊர்பவை விழுவதற்காகக் கப்பை மண்ணில் புதைத்து வைக்கும் குழிப்பொறியில்தான் அதிகம் சொதப்புகிறார்கள். கப்பின் விளிம்பு தரைமட்டத்தைவிட நூலளவு உயர்ந்திருந்தாலும் எறும்பு சுற்றிக்கொண்டு போய்விடும். மண்ணைத் தோண்டிய புதிதில் எறும்புகள் வழக்கத்துக்கு மேல் விழும், ஆகவே கப்பைப் புதைத்து, மூடி, ஓரிரு நாள் கழித்துத் திறப்பது நல்லது. தேரியில் மணல் சரிந்து கப்பு நிறையும். இரண்டு கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக வைத்தால் உள்கப்பை மட்டும் உருவிக்கொள்ளலாம். மழை மாதத்தில் மேலே சின்னக் கூரை இல்லையென்றால் எல்லாம் மிதந்து போகும். விழுந்த பூச்சி கெடாமல் இருக்கட்டும் என்று காரில் ஊற்றும் கூலன்ட்டைப் பொறியில் ஊற்றவே ஊற்றாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், விஷம், ஆடு குடித்தால் செத்துவிடும். காலையில் கப்புக்குள் விரலை விடாதீர்கள்: தேள் இருக்கலாம். பக்கத்துக் கல்லடியில் சுருட்டை விரியனும் இருக்கலாம்.

அப்புறம், மழைக்குப் பின் கப்பில் விழும் செக்கச்செவேலென்ற தம்பலப்பூச்சியைப் பூச்சிகள் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். கால்களை எண்ணிப் பாருங்கள், எட்டு. அது சிலந்தி இனத்தோடு சேர்ந்தது.

ஆடு மேய்ப்பவரிடம் சொல்லாமல் கப்பு புதைத்தால் அது மறுநாள் மிதிபட்டுத்தான் கிடக்கும். "சோலார் கம்பெனிக்கு அளக்க வந்தியளா தம்பி?" என்றுதான் அவர் முதலில் கேட்பார். "இல்ல அண்ணாச்சி, பூச்சி பாக்க வந்தோம்" என்று உட்கார்ந்து பேசினால், மந்தை எந்த நாளில் எந்தப் பக்கம் போனது, கிடை எங்கே போட்டார்கள் என்று அவரே சொல்லுவார். அந்தத் தகவல் இல்லாமல் சாண வண்டுக் கணக்குக்கு அர்த்தமே கிடையாது. பலர் இதைக் குறிப்பேட்டில் ஒரு வரிகூட எழுதுவதில்லை, எனக்கு அது புரியாத புதிர்.

காப்புக்காடு, வல்லநாடு வெளிமான் சரணாலயம், களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம் போன்ற இடங்களில் வனத்துறையின் எழுத்து அனுமதி இல்லாமல் ஓர் இலையைக்கூடப் பறிக்கக் கூடாது. பட்டா நிலமாக இருந்தால் உரிமையாளரைக் கேளுங்கள்.

பிடித்த பூச்சியின் விவரச் சீட்டை பென்சிலில் எழுதி, அதை ஆல்கஹாலில் போட்டு வைக்கும் புட்டிக்கு உள்ளேயே போடுங்கள். பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். மூடியில் எழுதினால் மூடி மாறிவிடும். 'நாங்குநேரி அருகே' என்பது இடக்குறிப்பே அல்ல. நாள், ஊர், ஜிபிஎஸ் எண், எந்த முறையில் பிடித்தது, யார் பிடித்தது என எல்லாம் வேண்டும்.

செடியை வேரோடும் பூவோடும் எடுத்து, செய்தித்தாளுக்கு இடையில் வைத்து அழுத்துபலகையில் காயவையுங்கள். கார்த்திகை ஈரத்தில் செய்தித்தாளைத் தினமும் மாற்றாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பிரண்டை, கள்ளி மாதிரிச் சதைப்பற்றுள்ளவை அழுத்துபலகைக்குள்ளும் சாகாமல் கிடந்து துண்டு துண்டாக உதிரும், அவற்றைக் கொதிநீரில் ஒரு முக்கு முக்கிவிட்டு அழுத்துங்கள். காய்ந்தபின் பூவின் நிறம் தெரியாது, பறித்த இடத்திலேயே எழுதிவிட வேண்டும்.