எஸ்கியூலைட் தரவிலிருந்து நிலையான வலைப்பக்கங்கள்: தமிழ்த் தரவுக்கான வழிமுறை

நூல் பட்டியல், கல்வெட்டுத் தொகுப்பு போல எப்போதாவது மட்டுமே மாறும் தரவுக்கு, ஒவ்வொருவர் பக்கம் திறக்கும்போதும் தரவுத்தளத்தைக் கேட்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் எச்டிஎம்எல் கோப்புகளாக முன்பே எழுதி வைத்துவிடலாம். பைத்தானும், டெம்ப்ளேட் எனும் பக்க வார்ப்பில் தரவை நிரப்பும் ஜிஞ்சா2 நூலகமும் போதும். ஒரே கோப்பில் அடங்கும் தரவுத்தளமான எஸ்கியூலைட்டுக்கான தொகுதி பைத்தானோடே வருகிறது. ஜிஞ்சாவை மட்டும் பிப் என்ற நிறுவியைக் கொண்டு நிறுவுங்கள்.

தரவுத்தள இணைப்பைத் திறந்ததும் அதன் ரோ ஃபாக்டரியாக (வரிசைகள் எந்த வடிவில் வர வேண்டும் என்ற அமைப்பு) எஸ்கியூலைட்டின் ரோ வகையைக் கொடுங்கள். டெம்ப்ளேட்டில் நெடுவரிசைப் பெயரையே எழுதலாம். ஜிஞ்சாவில் ஆட்டோஎஸ்கேப் (தரவிலுள்ள குறிகள் எச்டிஎம்எல்லாகக் கொள்ளப்படாமல் காப்பது) இயல்பாக அணைந்திருக்கும், கட்டாயம் இயக்குங்கள். இல்லாத பெயரைப் பிழையாகக் காட்டும் ஸ்ட்ரிக்ட் அன்டிஃபைன்டும் வேண்டும். இல்லாவிட்டால் பெயரைத் தப்பாக அடித்த இடம் சத்தமில்லாமல் வெற்றாகிவிடும். நல் (NULL), அதாவது மதிப்பே இல்லாத கட்டங்கள் பக்கத்தில் ‘நன்’ (None) என்ற ஆங்கிலச் சொல்லாக அச்சாகும். அவற்றுக்கு டிஃபால்ட் ஃபில்டரை, இரண்டாம் அளபுருவை ட்ரூ என்று வைத்துப் போடுங்கள். கோப்பை எழுதும்போது யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். விண்டோஸில் இதை விட்டால், தமிழ் எழுத்து வந்த இடத்திலேயே ஸ்கிரிப்ட் நின்றுபோகலாம்.

பெரிய சிக்கல் கோப்புப் பெயரில்தான். தலைப்பிலிருந்து பெயர் உருவாக்க ரெகெக்ஸ் என்ற எழுத்துத்தேடல் முறையின் ‘\டபிள்யூ’ (\w) குறியைப் பயன்படுத்துவது வழக்கம். பைத்தானின் ஆர்ஈ தொகுதியில் அது புள்ளியையும் உயிர்மெய்க் குறிகளையும் எழுத்தாக எண்ணாது. ‘கல்’, ‘கால்’, ‘கோல்’ மூன்றுமே ‘கல’ ஆகும். கடைசியாக எழுதியது முந்தைய இரண்டையும் அழித்துவிடும், பிழைச்செய்தியும் வராது. தமிழ்ப் பெயரை அப்படியே வைத்தாலும் முகவரியில் ஒவ்வொரு யூனிகோடு குறியீடும் 9 எழுத்தாக நீளும். லினக்ஸில் கோப்புப் பெயருக்கு வழக்கமான 255 பைட் வரம்பு, குறியீட்டுக்கு 3 பைட் வீதம் 85 குறியீடுகளில் தீர்ந்துவிடும். ஆகவே அட்டவணையிலேயே ‘ஸ்லக்’ (முகவரிக்கான சிறு பெயர்) என்று ஒரு நெடுவரிசை வைத்து, ஆங்கில எழுத்தில் நிரப்பி, ஒரே பெயர் இருமுறை வராதபடி யுனீக் கட்டுப்பாடு போடுவதே நல்லது. தரவை உள்ளிடும்போதே என்எஃப்சி என்ற ஒருமித்த யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுங்கள். ‘கொ’ இரண்டு விதமாகப் பதிவாகலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலில் ஒன்று மற்றதோடு பொருந்தாது.

வரிசையிலும் கவனம் தேவை. எஸ்கியூலைட்டின் ஆர்டர் பை கட்டளை யூனிகோடு எண்படி அடுக்கும்: ‘ன’ ‘ப’வுக்கு முன்னால் வரும், ‘க்’ ‘கௌ’வுக்குப் பின்னால் போகும். அகர வரிசைக்கு கிரியேட் கொலேஷன் வழியாக உங்கள் ஒப்பீட்டுச் செயற்கூறைப் பதியுங்கள்.

எப்போதும் புதிய கோப்புறையில்தான் கட்டுங்கள். பழையதன்மேல் எழுதினால், தரவுத்தளத்தில் நீக்கிய நூலின் பக்கம் தளத்தில் அப்படியே கிடக்கும். கட்டி முடித்ததும் கோப்புகளை எண்ணி, அட்டவணை வரிசைகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள்; குறைந்தாலோ ஒன்றுமே இல்லாவிட்டாலோ ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கட்டும். இந்தச் சோதனை இல்லாமல் கோப்புகளைச் சேவையகத்தோடு ஒத்திசைக்கும் ஆர்சிங்கை, மூலத்தில் இல்லாததை அழிக்கும் டெலீட் தெரிவோடு ஓட்டினால், வினவல் வெறுமையாகத் திரும்பிய அன்று தளமே காலியாகிவிடும். எண்ணிக்கை சரியாக இருந்தால், புதிய கோப்புறைக்கு ஒரு தற்காலிகக் குறியிணைப்பு (சிம்லிங்க்) உருவாக்கி, ஓஎஸ் தொகுதியின் ரீப்ளேஸ் கொண்டு அதை, தளம் இதுவரை பயன்படுத்திய பழைய இணைப்பின் இடத்தில் வையுங்கள். முந்தைய கோப்புறையை உடனே அழிக்காதீர்கள். பிழை தெரிந்தால் இணைப்பை அதற்கே திருப்பிவிடலாம்.