சாப்பெல் தொகுப்பிலிருந்து ஒரு பழைய ஆங்கில மெட்டைப் பிரித்தெடுப்பது எப்படி

வில்லியம் சாப்பெல் (1809–1888) லண்டனில் இசைப் பதிப்பாளர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். 1834-ல் தந்தை சாமுவேல் இறந்ததும் பாண்ட் தெருவில் இருந்த தொழில் இவர் கைக்கு வந்தது. இங்கிலாந்துக்கென்று சொந்த இசை கிடையாது என்ற பேச்சு அன்று பரவலாக இருந்தது. அதை மறுக்கவே 1838-ல் பழைய மெட்டுகளைத் தொகுத்து வெளியிடத் தொடங்கினார். அந்த வேலை வளர்ந்து, 1855–59-ல் 'பாப்புலர் மியூசிக் ஆஃப் தி ஓல்டன் டைம்' என்ற இரண்டு தொகுதிகளாக வந்தது. ஒரு வழக்கை வாதாடுவதுபோல எழுதியதால் சான்றுகளைக் கொட்டிக் குவித்திருக்கிறார். அந்த மெட்டுகளைப் பாடவோ வாசிக்கவோ விரும்புகிறவர்களுக்கு அது பெரிய கொடை.

ஒன்றை முதலில் மனத்தில் வையுங்கள். அந்தப் புத்தகத்தின் ஒரு பக்கத்தில் மூன்று வேறு காலங்கள் ஒட்டியிருக்கின்றன. மெட்டு ஒரு கையெழுத்துப் பிரதியிலிருந்தோ நடன நூலிலிருந்தோ வந்திருக்கும். பாட்டின் வரிகள் தெருவில் விற்ற ஒற்றைத் தாள் பாலட்டிலிருந்து (கதைப்பாடல்) வந்திருக்கலாம். அடியிலுள்ள பியானோ ஹார்மனி (மெட்டுக்குத் துணையாக ஒலிக்கும் சுரக்கூட்டு), இசையமைப்பாளர் ஜி. ஏ. மக்ஃபாரன் 19-ஆம் நூற்றாண்டில் எழுதியது. மூன்றையும் ஒரே பழமை என்று எடுத்துக்கொள்வதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

தேடலைப் பெயர் அட்டவணையில் தொடங்குங்கள். பக்க எண் இரண்டு தொகுதிகளுக்கும் தொடர்ச்சியாக ஓடுகிறது. இரண்டாம் தொகுதி மறுபடி 1-லிருந்து தொடங்காது. ஒரே மெட்டுக்குப் பல பெயர்கள் உண்டு. தெருவில் விற்ற நம் மலிவுப் பாட்டு நூல்களான குஜிலிப் புத்தகங்களில் 'வர்ணமெட்டு' என்று போட்டிருப்பார்களே, அதுபோல பாலட் தாள்களிலும் 'இன்ன மெட்டில் பாடுக' என்றுதான் இருக்கும். புதுப் பாட்டு பிரபலமானால் மெட்டுக்கு அதன் பெயர் ஒட்டிக்கொள்ளும். தேடும் பெயர் கிடைக்காவிட்டால், மெட்டுக்கு முன்னும் பின்னும் சாப்பெல் எழுதியிருக்கும் உரைநடையைப் படியுங்கள். மாற்றுப் பெயர்கள், மூல நூல்கள், ஆண்டுகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதைத் தாண்டிப் போகாதீர்கள். புத்தகத்தின் உயிரே அந்த உரைநடைதான்.

அடுத்து, மேல்வரி மெட்டை மட்டும் தனித்தாளில் எழுதிக்கொண்டு, பியானோ இல்லாமல் பாடிப் பாருங்கள். பிறகு ஏழாம் சுரத்தைச் சோதியுங்கள். பழைய ஆங்கில மெட்டுகளில் பல டோரியன் (நமக்குக் கரகரப்பிரியா), மிக்ஸோலிடியன் (ஹரிகாம்போதி) வகையைச் சேர்ந்தவை. 19-ஆம் நூற்றாண்டுக் காதுக்குக் கைசிகி நிஷாதம் (தாழ்ந்த ஏழாம் சுரம்) குறையாகப் பட்டது. அதை அரைச்சுரம் மேலேற்றிக் காகலி நிஷாதமாக உயர்த்தினால் கரகரப்பிரியா கௌரிமனோகரியாகிவிடும், மெட்டின் முகமே மாறிவிடும்.

ஆனால் உயர்த்திய நிஷாதம் எல்லாமே பிற்காலத்துச் சேர்க்கை அல்ல. இதை உறுதிப்படுத்தச் சிறந்த வழி, லூட் என்ற பழைய தந்திக் கருவிக்கான கையெழுத்துப் பிரதிகள். டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் இருக்கும் வில்லியம் பாலெட் லூட் நூல் அவற்றில் ஒன்று. 'கிரீன்ஸ்லீவ்ஸ்' அதில் இருக்கிறது. கோட்டுச் சுரக்குறிப்பில் உயர்த்தலை எழுதாமல் பாடுபவர் பழக்கத்துக்கு விட்டுவிடுவது அன்று சகஜம். லூட் குறிப்பு அப்படியல்ல, விரல் வைக்கும் கட்டையையே (ஃப்ரெட்) சொல்லிவிடும். ஆறு கோடுகள் ஆறு தந்தி வரிசைகள்; 'ஏ' திறந்த தந்தி, 'பி' முதல் கட்டை, 'சி' இரண்டாவது. ஒரே தந்தியில் அடுத்தடுத்த எழுத்துகள் வந்தால் அரைச்சுர இடைவெளி, நடுவில் ஓரெழுத்து விட்டுவந்தால் முழுச்சுரம். லூட் வாசிக்கத் தெரியாதவரும் இதைக் கண்டுபிடித்துவிடலாம். 'சி' பல பிரதிகளில் 'ஆர்' போலத் தெரியும், ஏமாறாதீர்கள். 'ஜே' கிடையாது, 'ஐ'-க்குப் பிறகு 'கே'.

ஆறாம் சுரத்திலும் ஒரு பொறி உண்டு. பழைய அச்சில் 'ஜி' ஆதாரமான மெட்டுக்கு ஒரே ஒரு ஃபிளாட் (சுரத்தை அரைச்சுரம் தாழ்த்தும் குறி) மட்டும் தொடக்கத்தில் இருக்கும். அதைக் கண்டவுடன் டோரியன் என்று முடிவுகட்டாதீர்கள். ஆறாம் சுரமான 'ஈ'-க்கு முன் ஃபிளாட்டைத் தேவையான இடத்தில் தனியாகப் போடுவது அன்றைய வழக்கம். ஒவ்வொரு 'ஈ'-யையும் பார்த்த பிறகே கரகரப்பிரியாவா நடபைரவியா என்று சொல்ல முடியும்.

கடைசியில் வரிகளைப் பொருத்துங்கள். வழக்கமான பாலட்டில் அடிகள் 8-6-8-6 அசைகள். 'ஃபார்ச்சூன் மை ஃபோ' மெட்டுக்கு அடிக்குப் பத்து அசை வேண்டும். தூக்கிலிடப்பட்டவர்களைப் பற்றிய பாலட்டுகள் பல இதில் பாடப்பட்டன. அசை மீந்தால் ஒரு நெடுஞ்சுரத்தை இரண்டாக உடையுங்கள். மெட்டு மீந்தால், அச்சிட்டவர் முதல் பத்திக்குப் பிறகு பல்லவியை விட்டிருக்கிறாரா என்று பாருங்கள். இரண்டும் சரிவராவிட்டால் நீங்கள் பிடித்தது வேறு மெட்டு. உரைநடையில் சாப்பெல் தரும் அடுத்த பெயருக்குப் போங்கள்.

1893-ல் எச். எலிஸ் வூல்ட்ரிட்ஜ் திருத்திய பதிப்பும் கிடைக்கும். பழைய மெட்டுகளை அவர் மறுபடி ஆராய்ந்து திருத்தியிருப்பதால் சுரங்களுக்கு அதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.