புகைச் சோதனையில் பெட்ரோல் கார் ஃபெயிலா? கன்வெர்ட்டரைக் கழற்றும் முன்

ஃபெயில் என்றதும் பலரும் முதலில் கை வைப்பது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் (எக்ஸாஸ்டில் நச்சுப் புகையைச் சுத்திகரிக்கும் பாகம்). விலை அதிகமான அந்தப் பாகத்தைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். கோளாறு இன்ஜினில் இருந்தால் புதுக் கன்வெர்ட்டரும் வெந்துபோகும்.

1. ரிப்போர்ட்டைப் படியுங்கள். சி.ஓ. (கார்பன் மோனாக்சைடு) மட்டும் அதிகமா, பெட்ரோல் தேவைக்கு மேல் போகிறது. எச்.சி. (எரியாத பெட்ரோல்) மட்டும் எகிறினால் மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றவில்லை. பிளக், காயிலைப் பாருங்கள். லாம்ப்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு; 1 என்றால் சரியான கலவை) 0.97–1.03க்குள் இருந்தும் இரண்டும் கூடியிருந்தால்தான் கன்வெர்ட்டர் மேல் சந்தேகப்படலாம்.

2. இன்ஜின் சூடு. தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கினால் கூலன்ட் சூடேறாது, ஈ.சி.யூ. (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கூடுதல் பெட்ரோல் விடும். நன்றாக ஓட்டிய பிறகும் 80 டிகிரியைத் தொடவில்லை என்றால் முதல் வேலை தெர்மோஸ்டாட்.

3. ஃப்யூல் ட்ரிம். ஈ.சி.யூ. பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (பிளஸ்), குறைக்கிறது (மைனஸ்) என்ற கணக்கு இது. எரர் கோடு (கோளாறு எண்) மட்டும் படிக்கும் ஸ்கேனர் வீண் செலவு. லைவ் டேட்டா காட்டும் ப்ளூடூத் அடாப்டர் போதும். ஷார்ட் (உடனடித் திருத்தம்), லாங் (நீண்டகாலத் திருத்தம்) இரண்டையும் கூட்டினால் ±10%க்குள் வர வேண்டும். மைனஸில் இறங்கினால் இன்ஜெக்டர் ஒழுகலாம், பெட்ரோல் பிரஷர் கூடியிருக்கலாம். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். ஆயிலில் பெட்ரோல் கலந்திருந்தால் அந்த ஆவியே சி.ஓ.வை ஏற்றிவிடும். ஆயில் மாற்றினாலே சரியாகலாம்.

4. ட்ரிம் பிளஸ் 20%, சி.ஓ.வும் அதிகம். பலர் தடுமாறும் இடம் இது. பிளஸ் என்றால் பெட்ரோல் போதவில்லை என்று ஈ.சி.யூ. நினைக்கிறது; புகையோ பெட்ரோல் மிச்சம் என்கிறது. இரண்டும் எப்படி உண்மையாகும்? முன் ஆக்ஸிஜன் சென்சாருக்கு (கன்வெர்ட்டருக்கு முன் இருப்பது) முன்னால் எக்ஸாஸ்டில் லீக் இருந்தால் ஆகும். ஒவ்வொரு புகைத் துடிப்புக்கும் இடையே அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். சென்சார் அந்த ஆக்ஸிஜனைக் கண்டு ஏமாறும், ஈ.சி.யூ. பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். இன்டேக் பக்க லீக்கில் இப்படி ஆகாது: ட்ரிம் பிளஸ் ஆனாலும் ஈ.சி.யூ. ஈடுகட்டிவிடுவதால் சி.ஓ. ஏறாது, 2,500 ஆர்.பி.எம்.மில் ட்ரிம்மும் இறங்கிவிடும்.

இன்ஜின் ஆறிய பின், வேக்குவம் கிளீனரின் ஊதும் பக்கத்தை டெயில் பைப்பில் பொருத்தி, மேனிஃபோல்டு கேஸ்கெட், ஃபிளாஞ்ச், சென்சார் மரை எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். குமிழி வரும் இடம்தான் லீக். சூடேறினால் உலோகம் விரிந்து ஓட்டை மூடிக்கொள்ளும் என்பதால் இந்தச் சோதனைக்கு இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். மஃப்ளர் பக்க லீக் சென்சாரை ஏமாற்றாது. ஆனால் அளக்கும் புகையில் காற்றைக் கலந்து லாம்ப்டாவை 1.03க்கு மேல் தள்ளும்.

5. இவை எல்லாம் சரியான பிறகே கன்வெர்ட்டர். 2,500 ஆர்.பி.எம்.மில் பின் சென்சார் (கன்வெர்ட்டருக்குப் பின் இருப்பது) 0.6–0.7 வோல்ட் அருகே அசையாமல் நின்றால் நல்லது. முன் சென்சாரைப் போலவே 0.1க்கும் 0.9க்கும் துள்ளினால் கன்வெர்ட்டரின் ஆயுள் முடிந்தது.

பின்சேர்க்கை: சோதனைக்குப் போகும் வழியில் எரர் கோடுகளை ஸ்கேனரால் அழிக்காதீர்கள். ரெடினஸ் மானிட்டர்களும் (கார் தன்னைத்தானே சோதித்து முடித்ததற்கான பதிவுகள்) சேர்ந்து அழியும், ஓ.பி.டி. (காரின் சுயபரிசோதனை அமைப்பு) பார்க்கும் இடங்களில் அதற்கே திருப்பி அனுப்புவார்கள். அழித்துவிட்டால், ஆறிய இன்ஜினில் தொடங்கி நகரம், நெடுஞ்சாலை இரண்டிலும் ஓட்டி, மானிட்டர்கள் முடிந்ததை ஸ்கேனரில் பார்த்துவிட்டுப் போங்கள். டேங்கில் கால் பங்குக்கும் முக்கால் பங்குக்கும் இடையே பெட்ரோல் இருக்கட்டும்; நிரம்பி வழிந்தால் ஆவிக் கசிவு மானிட்டர் பல கார்களில் ஓடவே ஓடாது.